மகளை எட்டு வாரம் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அனுப்பலாமா?

சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து எழுதிய தந்தையின் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். மகள் இங்குள்ள பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தேர்வு முடிந்ததும் மே நடுவிலிருந்து எட்டு வாரம், தமிழ்நாட்டின் மலையடிவாரக் கிராமம் ஒன்றில், சமூக சுகாதாரத் தொண்டு நிறுவனத்தில் வேலைப் பயிற்சிக்குப் போக விரும்புகிறாள். விமான டிக்கெட் நீங்கலாக 4,200 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார்கள். நீங்கள் கேட்டது மூன்று: இது ஏமாற்று வேலையா, மருத்துவப் பள்ளியில் சேர உதவுமா, பெண் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா. ஆனால் கேள்வியின் நடுவே, "வேலை செய்யப் போகிறவள் எதற்காகப் பணம் கட்ட வேண்டும்?" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் உறுத்துவது அதுதான் என்று நினைக்கிறேன். அவள் அங்கே போவதால் யாருக்குப் பயன் என்பதே அந்த வரியின் பொருள்.

நான் மருத்துவர் அல்ல, தாதி. 2003 முதல் ஒன்பது ஆண்டுகள் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். அங்கே என் பெயர் நர்சம்மா. திருமணத்துக்குப் பிறகு சிங்கப்பூர் வந்து, இப்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்குப் போய் நடமாட முடியாத முதியவர்களைக் கவனிக்கிறேன். தர்மபுரியில் மே மாதம் பிறந்தால் வெளிநாட்டு மாணவர்கள் வந்துவிடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றும் வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். இங்கே வந்த பிறகும், புறப்படும் பிள்ளைகளிடம் இரண்டு மணி நேரம் பேசுங்கள் என்று யாராவது அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே வரவேற்கும் பக்கமும் அனுப்பும் பக்கமும் ஓரளவு தெரியும். நீங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், கண்ணால் பார்க்காத இடத்துக்கு நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். கம்போடியாவிலோ நேப்பாளத்திலோ நான் வேலை பார்த்ததில்லை. கீழே சொல்வதெல்லாம் தமிழ்நாட்டுக்குப் பொருந்துவது.

பணத்திலிருந்து தொடங்குகிறேன். பணம் கேட்பதாலேயே அது ஏமாற்று ஆகிவிடாது. ஒரு மாணவி வந்தால் அவளுக்கு அறை வேண்டும், மூன்று வேளைச் சாப்பாடு வேண்டும், ஜீப்பில் இடம் வேண்டும். இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு எங்கள் சுகாதாரப் பணியாளர் ஒருவரின் பாதி நாள். தனியாகப் போனால் ஒரு காலையில் பதினைந்து வீடு பார்த்துவிடுகிறவர், மாணவியைக் கூட்டிக்கொண்டு போனால் எட்டு வீடுதான் பார்ப்பார். ஒவ்வொரு திண்ணையிலும் "இது யார், எந்த ஊர், கல்யாணம் ஆகிவிட்டதா" என்ற விசாரணை முடிந்த பிறகுதான் மருந்துப் பேச்சே தொடங்கும். எட்டு வாரத்தில் அந்த நேரத்தை அவள் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவர்களால் முடியவில்லை. அந்த நஷ்டத்தை ஊர் மக்கள் சுமக்காமல் மாணவி சுமப்பது நியாயம்தான்.

நீங்கள் கேட்க வேண்டியது, அந்தத் தொகை யார் கைக்குப் போகிறது என்பதை. 4,200 வெள்ளியில் கிராமத்தில் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கு எவ்வளவு, நடுவில் இருக்கும் ஏற்பாட்டாளருக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "நிர்வாகச் செலவு" என்ற ஒரே சொல்லில் பதிலை முடித்தால், நீங்கள் பயண முகவரிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2008-இல் நாங்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் நாளொன்றுக்கு 200 ரூபாய் வாங்கினோம். அவர்களை எங்களிடம் அனுப்பிய நிறுவனம் அதே மாணவர்களிடம் பத்து மடங்குக்கு மேல் வாங்கியிருந்தது. ஒரு பையன் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. இன்னொன்றையும் பாருங்கள். இந்தியத் தொண்டு நிறுவனம் வெளிநாட்டு நன்கொடை பெற வேண்டுமானால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுடில்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். "கட்டணத்தில் ஒரு பகுதி நன்கொடை" என்று சொல்லிக்கொண்டே ஒரு தனிமனிதரின் வங்கிக் கணக்கு எண்ணை அனுப்பினால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அடுத்து, இடம் நல்லதா என்பதைக் கண்டுபிடிக்க நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரே கேள்வி: உங்கள் மகள் வரும் முன்பு ஏப்ரலில் அங்கே என்ன வேலை நடந்தது, அவள் திரும்பிய பிறகு செப்டம்பரில் என்ன நடக்கும்? மாணவர்கள் வந்தால்தான் முகாம் நடக்கும், மற்ற மாதங்களில் கட்டடம் பூட்டிக் கிடக்கும் என்றால், அது மாணவர்களுக்காக நடத்தப்படும் முகாம். மே மாதம் முகாம் போட்டு இருபது பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டால், ஆகஸ்டில் அவர்களுக்கு மாத்திரை கொடுப்பது யார்? சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் ஒருமுறை பார்த்துத் தீர்க்கும் நோய்கள் அல்ல. தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. சில ஊர்களுக்கு ஒருவராகக் கிராம சுகாதார செவிலியர் இருக்கிறார், ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. ஆகவே நிறுவனத்திடம், "நீங்கள் நோயாளிகளை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறீர்கள்?" என்று கேளுங்கள். ஊர்ப் பெயரோடு பதில் வந்தால் நல்லது. "அந்த மக்களுக்கு எங்களை விட்டால் யாருமே இல்லை" என்று வந்தால், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அதை நான் எளிதில் நம்ப மாட்டேன்.

இந்தத் துறையில் நல்ல வேலை எப்படி இருக்கும் என்று மகள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினால், மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடு கிராம சுகாதாரத் திட்டம் பற்றிப் படிக்கச் சொல்லுங்கள். 1970-இல் ராஜ் அரோலே, மேபெல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்களையே, அவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர், சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். தமிழ்நாட்டிலேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1977-இல் கே.வி.குப்பத்தில் தொடங்கிய ரூசா என்ற கிராம சுகாதார மையமும், தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் 1993-இலிருந்து நடக்கும் பழங்குடியினருக்கான மருத்துவமனையும் இருக்கின்றன. உங்கள் மகள் போகும் இடம் இவ்வளவு பெயர் பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வேலையை முன்னின்று செய்வது உள்ளூர்ப் பெண்களா, அல்லது வந்து போகும் விருந்தாளிகளா என்பதை அங்கே ஒரு வாரம் இருந்தாலே கண்டுகொள்ளலாம்.

அவள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சிங்கப்பூரில் எதைச் செய்ய அவளுக்கு அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யக்கூடாது. ஊசி போடுவது, தையல் போடுவது, பிரசவத்தில் கை வைப்பது, மாத்திரை சொல்வது எதுவும் கூடாது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கமே வெளிநாடு செல்லும் மாணவர்களுக்காக 2011-இல் இதே பொருளில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கையுறை மாட்டிய மாணவியின் படத்தைப் போட்டு "நேரடி மருத்துவ அனுபவம்" என்று விளம்பரம் செய்கிற இடத்தை மறந்துவிடுங்கள்.

கூடாது என்ற பட்டியலில் இல்லாத சின்ன வேலைகூட எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் 2007 கோடையில் கற்றேன். நல்ல மாணவி, பணிவானவள், உழைப்பாளி. இரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவியை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். பட்டனை அழுத்தினால் எண் வரப்போகிறது, இதில் என்ன ஆபத்து என்று நினைத்தேன். ஐம்பது வயதுப் பெண் ஒருவர் தலையில் விறகுக் கட்டோடு மேடேறி வந்து, கட்டை இறக்கிவிட்டு உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே இவள் கைப்பட்டையைச் சுற்றிவிட்டாள். 190 என்று காட்டியது. பதறிப்போய், "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பக்கவாதம் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டாள். அன்று இரவே அந்தக் குடும்பம் தோட்டை அடகு வைத்து, கார் பிடித்து, டவுனில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றி, 6,000 ரூபாய் வாங்கி அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து, ஐந்து நிமிடம் உட்கார வைத்து நான் பார்த்தபோது 138. அதன் பிறகு பல மாதங்கள் அந்த வீட்டுக் கதவு எங்கள் பணியாளருக்குத் திறக்கவில்லை. பிழை அந்த மாணவியுடையது அல்ல, என்னுடையது. ஓய்வெடுக்க வைத்து அளக்க வேண்டும், மறுபடி அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. எண்ணைக் குறித்துக்கொள், பேசுவது எங்கள் வேலை என்றும் சொல்லவில்லை.

உண்மையாகவே பயன்பட்ட ஒருத்தியும் நினைவில் இருக்கிறாள். எங்கள் வீட்டு வருகைப் பதிவேட்டில் பாதிக்குப் பாதி "வீடு பூட்டியிருந்தது" என்றே இருக்கும். மக்கள் எங்களைத் தவிர்க்கிறார்கள் என்று கூட்டங்களில் அலுத்துக்கொள்வோம். அவள் அப்படிப் பூட்டியிருந்ததாக எழுதிய 46 வீடுகளுக்கும் காலை ஆறு மணிக்கு ஒருநாள், பத்து மணிக்கு ஒருநாள், மாலை ஐந்தரைக்கு ஒருநாள் என்று மாற்றி மாற்றிப் போய், யார் இருந்தார்கள் என்று மட்டும் குறித்தாள். இரண்டு வாரத்தில் விஷயம் தெளிவாகிவிட்டது. நாங்கள் போகும் பத்து மணிக்குப் பெண்கள் நூறு நாள் வேலையில் இருந்தார்கள், அல்லது ஆடு மேய்க்கப் போயிருந்தார்கள். யாரும் எங்களைத் தவிர்க்கவில்லை. நாங்கள்தான் ஆளில்லாத நேரத்தில் போய்க்கொண்டிருந்தோம். பணியாளர்களின் நேரத்தை மாலைக்கு மாற்றினோம். நான் அங்கிருந்து கிளம்பும்வரை அந்த நேரம்தான் இருந்தது. அவள் மருந்துப் பெட்டியைத் தொடவே இல்லை. உங்கள் மகளுக்கு அவர்கள் இப்படி ஒரு சிறிய, முடிக்கக்கூடிய வேலையை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றால், எட்டு வாரமும் படம் எடுப்பதில் போய்விடும்.

மொழியைப் பற்றி நீங்கள் கவலைப்படவில்லை. "தமிழ் நன்றாகப் பேசுவாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் கொஞ்சம் கவலைப்படுவேன். நம் பிள்ளைகள் பள்ளியில் கற்பது வயிற்றுப்போக்கு, கர்ப்பம், மாதவிடாய். ஊரில் குழந்தைக்குப் பேதியானால் ஒரு தாய் "குழந்தைக்குக் குடலேற்றம்" என்பார், "உரம் விழுந்திருக்கிறது" என்பார், "தோஷம்" என்பார். படிவத்தில் "கடந்த இரண்டு வாரத்தில் வயிற்றுப்போக்கு உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், குழந்தையோ கண் குழிந்து படுத்திருக்கும். இங்கிருந்து வந்த ஒரு மாணவி, மருமகளைப் பற்றி மாமியார் "முழுகாமல் இருக்கிறாள்" என்று சொன்னதைக் கேட்டு, தூய்மைப் பழக்கம் என்ற கட்டத்தில் "குளிப்பதில்லை" என்று எழுதி வைத்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு மூன்று மாதம். நாங்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். ஆனால் அந்தத் தாளை யாரும் திரும்பிப் பார்க்காமல் இருந்திருந்தால், ஒரு கர்ப்பிணி பதிவிலிருந்தே விடுபட்டுப் போயிருப்பார்.

காலத்தையும் யோசியுங்கள். நம் பல்கலைக்கழக விடுமுறை மே முதல் ஜூலை வரை. தமிழ்நாட்டில் மே என்றால் கத்திரி வெயில். மலையடிவாரம் என்று நம்பிப் போகாதீர்கள், அடிவாரம்தான் கொதிக்கும். பள்ளிகள் ஜூன் மாதம்தான் திறக்கும். ஆகவே விளம்பரத்தில் "பள்ளிச் சுகாதாரத் திட்டம்" என்று இருந்தால், மே முழுவதும் எந்தப் பள்ளியில் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியிலேயே பல விளம்பரங்கள் உதிர்ந்துவிடும்.

விசா பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மாணவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தியாவின் சுற்றுலா இ-விசாவில் ஊதியமில்லாத தன்னார்வப் பணிக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் இடம் உண்டு. எட்டு வாரம் அதைத் தாண்டிவிடுகிறது. தொண்டு நிறுவனங்களில் பயிற்சி பெறுவதற்கு வேறு விசாப் பிரிவு இருக்கிறது. எது பொருந்தும் என்று இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் என் சொல்லை மட்டும் நம்பிப் போக வேண்டாம். "சுற்றிப் பார்க்க வந்தேன் என்று குடிநுழைவில் சொன்னால் போதும்" என்று நிறுவனமே சொல்லிக் கொடுத்தால், பிரச்சினை வரும் நாளில் அது உங்கள் மகளுக்குத் துணை நிற்காது.

இறுதியாண்டு ஆய்வுக்குத் தகவல் திரட்டலாம் என்று அவள் நினைத்திருந்தால், இப்போதே அந்த ஆசையைக் கைவிடச் சொல்லுங்கள். மனிதர்களிடம் ஆய்வு செய்ய இங்கே பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், அங்கேயும் ஒரு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். இரண்டும் சேர்ந்து எட்டு வாரத்துக்குள் நடப்பதை நான் பார்த்ததில்லை. நிறுவனம் தன் வேலைக்காக வைத்திருக்கும் பதிவேட்டைச் சீராக்க உதவுவது வேறு. படம் எடுப்பதில் என் விதி எளிது: வீவக வீட்டில் என் நோயாளியைப் படுக்கையில் வைத்துப் படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டால் என்ன ஆகுமோ, அதே அளவுகோல்தான் அங்கேயும். அண்டை வீட்டாரிடம் நிதி திரட்டிக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்டச் சிங்கப்பூரில் அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சட்டைகளையும் மூக்குக் கண்ணாடிகளையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவதற்கு அனுமதி வேண்டுமோ வேண்டாமோ, தயவுசெய்து வேண்டாம். அந்தப் பெட்டிகளைப் பிரித்துக் கணக்கெழுதியவள் நான்.

மருத்துவப் பள்ளி விஷயம். உங்கள் மகள் ஏற்கனவே ஒரு பட்டப்படிப்பில் இருப்பதால், அவளுக்கு இயல்பான வழி டியூக்-என்யுஎஸ் போன்ற பட்டதாரிகளுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கு மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் முதலில். கிராமத்தில் இருந்த எட்டு வாரம் அந்த இடத்தை நிரப்பாது. நேர்காணலில் எடை கூடுமா என்பதை உறுதியாகச் சொல்ல முடியாது. நான் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை. ஆனால் போய் வந்து பிறகு மருத்துவம் சேர்ந்த பிள்ளைகளிடம் பேசியதில் தெரிந்தது, அவர்களிடம் கேட்கப்பட்டது "எத்தனை பேருக்குச் சேவை செய்தாய்" என்று அல்ல. "அங்கே உனக்கு எது புரியவில்லை, பிறகு என்ன செய்தாய்" என்ற வகைக் கேள்விகள். பூட்டிய வீடுகளை எண்ணியவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. முகாமில் முந்நூறு பேருக்கு எடை பார்த்தவனுக்கு முந்நூறு என்ற எண் மட்டும்தான் இருந்தது. விண்ணப்பத்துக்காக மட்டுமே போகிறாள் என்றால், அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் பிள்ளையைத் தனியாக அனுப்புவது பற்றி. இரவில் எங்கே படுப்பாள், அந்தக் கட்டடத்தில் வேறு எந்தப் பெண்கள் இருக்கிறார்கள், கழிப்பறை உள்ளேயா வெளியேயா, மாலையில் களத்திலிருந்து திரும்பும்போது உடன் வருவது யார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பாலியல் தொல்லைப் புகார்களுக்கான உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுச் சட்டம்; பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் அது பொருந்தும். "உங்கள் உள்ளகக் குழுவின் தலைவர் யார்?" என்று கேட்டால், ஒழுங்கான நிறுவனம் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லும். வெளியுறவு அமைச்சில் பயணத்தை இணையத்தில் பதிவு செய்யுங்கள். சென்னையில் சிங்கப்பூர்த் துணைத் தூதரகம் இருக்கிறது. ஆம்புலன்சுக்கு அங்கே 108. என் அனுபவத்தில் ஊருக்குள் மாணவிகளுக்குப் பெரிய ஆபத்து வந்ததில்லை. தொல்லை வந்தது பஸ்ஸிலும், வார இறுதியில் தனியாக ஊர் சுற்றப் போன இடத்திலும்தான். இது ஒரே ஒரு வட்டாரத்தில் நான் கண்டது, எல்லா ஊருக்கும் உத்தரவாதம் அல்ல.

இன்னொரு விஷயத்துக்கு அவளைத் தயார் செய்யுங்கள். முதல் வாரத்திலேயே ஏதாவது ஒரு பாட்டி, "நீங்கள் என்ன ஆட்கள்?" என்று சாதியைக் கேட்பார். சிங்கப்பூரில் இதெல்லாம் கேட்பதில்லை என்று பதில் சொல்லும்படி நான் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். அது முழு உண்மை இல்லை என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இருந்தாலும் அங்கே அது வேலை செய்யும். ஊர் ஒரு பக்கமும், ஒடுக்கப்பட்ட சாதியினர் வாழும் காலனி ஒரு பக்கமுமாக இருக்கும். அவள் எங்கே தங்குகிறாள், யார் வீட்டில் தண்ணீர் குடிக்கிறாள் என்பதைப் பொறுத்துத்தான் யார் அவளிடம் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதும் அமையும். நிறுவனத்தின் பணியாளர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி போகிறார்களா என்று கவனிக்கச் சொல்லுங்கள்.

உடல்நலத்தில் நான் அதிகம் பயப்படுவது நாய்க்கு. சிங்கப்பூரில் 1953-க்குப் பிறகு வெறிநோய் இல்லை. அதனால் நம் பிள்ளைகள் தெருநாயைக் கண்டால் குனிந்து தடவுகிறார்கள். தமிழ்நாட்டில் அதைச் செய்யவே கூடாது. முன்கூட்டியே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. போட்டிருந்தாலும், நாய் கடித்தால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டாக வேண்டும். கீறல்தானே என்று விடக்கூடாது. மஞ்சள் காமாலை ஏ வகைக்கும் டைபாய்டுக்கும் இங்கே குழந்தைப் பருவ அட்டவணையில் ஊசி கிடையாது; டான் டோக் செங் மருத்துவமனையின் பயணிகள் தடுப்பூசி மருந்தகத்தில், புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே நாள் வாங்குங்கள். சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. பயணக் காப்புறுதி எடுக்கும்போது, பயிற்சியில் நேரும் விபத்துக்கும் பொருந்துமா என்று பாருங்கள். பல்கலைக்கழகம் அங்கீகரித்த பயிற்சியாக இருந்தால் அவர்களுடைய காப்புறுதி பொருந்தக்கூடும். அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.

நீங்கள் அனுப்பிய கால அட்டவணையில் வெள்ளிக்கிழமை மதியங்களில் "ஆதரவற்றோர் இல்லக் குழந்தைகளுடன் விளையாட்டு" என்று இருந்தது. அதை மட்டும் நீக்கச் சொல்லுங்கள். எட்டு வெள்ளிக்கிழமை மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு ஒன்பதாவது வெள்ளிக்கிழமை என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை.

இப்போது ஜனவரி. மேக்கு முன் அவள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2006 முதல் இங்கே வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்கும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்புகளில் தமிழ் பேசும் தொண்டூழியர்களுக்கு எப்போதும் வேலை இருக்கும். புதுக்கோட்டையிலிருந்தோ சிவகங்கையிலிருந்தோ வந்த ஊழியர் ஒருவர், முதுகு வலியை எந்தச் சொற்களில் சொல்கிறார் என்று மாதம் இரண்டு ஞாயிறு உட்கார்ந்து கேட்டால், நான் சொல்லிக் கொடுப்பதைவிட அதிகம் கற்றுக்கொள்வாள். அது பிடிக்காமல் போனால், 4,200 வெள்ளி மிச்சம். பிடித்துப் போய்த் தமிழ்நாட்டுக்கும் போனால், அங்கே ஏதாவது ஒரு தாய், "சிங்கப்பூரில் என் பையனும் இருக்கிறான், பார்த்தாயா?" என்று கண்டிப்பாகக் கேட்பார். பார்த்ததில்லை என்றாலும், அவன் தங்கும் விடுதி எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி வரும் என்று அவளால் சொல்ல முடியும். அந்தத் திண்ணையில் அதன் பிறகு படிவமே தேவைப்படாது.

கடைசியாக, தினமும் அழைத்துப் பேச முடியுமா என்று உங்கள் மனைவி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மலைப் பக்கம் சிக்னல் ஒரு பாறை மேல் ஏறினால் வரும், இறங்கினால் போய்விடும். வாரம் இரண்டு முறை, குறித்த நேரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசவில்லை என்றால் நிறுவனத்தில் யாரை அழைப்பது என்று ஒரு எண் கையில் இருக்கட்டும். முதல் பத்து நாளில் ஒருநாள் அழுவாள். வெயில், கொசு, எந்த வேலையும் ஒழுங்காகத் தரவில்லை என்ற கோபம் எல்லாம் சேர்ந்து வரும். அன்றைக்கே திரும்பும் டிக்கெட்டை மாற்றிவிடாதீர்கள். மூன்றாவது வாரமும் அதே அழுகை என்றால், அல்லது ஏதோ ஒரு ஆளின் பெயரைச் சொல்லும்போது குரல் மாறினால், ஒரு கேள்வியும் கேட்காமல் அன்று இரவே மாற்றுங்கள்.